நிறம் போன தண்ணீர்

கண்ணு,

நீ முன்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். முறுக்கு டப்பாவை எங்கே திணிப்பது என்று உங்கம்மா உன்னோடு மல்லுக்கு நிற்பது இங்கே பட்டறை ஆபீஸ் வரைக்கும் கேட்கிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, இயந்திரங்களும் ஓடவில்லை. நாற்பது அடி தூரத்தில் இருக்கிற மகனுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அப்பனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் இந்த ஒரு வாரமாக உன் முன்னால் வந்து வந்து நின்று, ‘சோப்பு எடுத்து வெச்சயா, போர்வை எடுத்து வெச்சயா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனேனே, அது சோப்புக்காக இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. எத்தனையோ பேரை வாய்க்கு வாய் பேசி விரட்டியவன், உன்னிடம் ஊமையாகிப் போனேன். அதனால்தான் காகிதம். இதை ஒட்டாமல்தான் உன் கையில் கொடுக்கப் போகிறேன். உங்கம்மா படித்தாலும் படிக்கட்டும், நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மூடி மூடி வைத்ததெல்லாம் போதும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்கம்போல் சுற்றிச் சுற்றி வந்து நழுவிவிடுவேன். புதன்கிழமை பெருந்துறையில், உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிற அந்த முதலாளி உன் முன்னால் ஒரு காகிதத்தை வைக்கப் போகிறார். நீ நம் பட்டறையில் போட்ட சுத்திகரிப்புத் தொட்டிகளைப் போலவே அங்கே பெரிதாகக் கட்டப்போகிறார்கள், ஆனால் உப்புத் தண்ணீரை வெயிலில் காய வைக்கிற பாத்தி இல்லாமல். அதில் வெளியேறும் தண்ணீரால் மண்ணுக்கோ கிணற்றுக்கோ கெடுதல் வராது என்று நீ எஞ்சினியராகக் கையெழுத்துப் போட வேண்டும். நம் பட்டறையில் பாத்தி நிரம்பி வழிந்த காலத்திலும் கிணற்றுத் தண்ணீர் கெடவில்லையே என்ற தைரியத்தில் நீ போடப் போகிறாய். அந்தத் தைரியம் பொய் கண்ணு. அந்தப் பொய்யைச் செய்தவன் நான்.

நான் எப்பேர்ப்பட்டவன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். எனக்குப் படிப்பு கிடையாது. நம் வீட்டில் முதன்முதலாக மண்வெட்டியை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்ச் சாயப்பட்டறையில் மூட்டை தூக்கியவன். பிறகு சாய மாஸ்டர் ஆனேன், அப்புறம் இந்தச் சொந்தப் பட்டறை. என்னிடம் இருந்த ஒரே சொத்து இந்த இரண்டு கண்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு விரல் அகலத் துணித்துண்டு வரும். அதே நிறத்தில் ஆயிரம் பனியனுக்குத் துணி வேண்டும் என்பார்கள். வெயிலில் ஒருமுறை, டியூப் லைட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, இன்ன சாயம் இத்தனை, இன்னது ஒரு சிட்டிகை என்று சொல்லிவிடுவேன். தப்பவே தப்பாது. சாயக்காரனுக்கு உலகமே நிறம்தான். துணியில் நிறம் ஏறினால் வேலை முடிந்தது, தண்ணீரில் நிறம் தெரிந்தால் சாயம் வீண். அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நொய்யல் பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்தச் சொல்லுவாய். ஆறு ஒரு நாள் கத்தரிப்பூ நிறத்தில் ஓடும், ஒரு நாள் பச்சை. ‘இன்னைக்கு யாருது நைனா?’ என்று கேட்பாய். சிவப்பாக ஓடினால், ‘நம்முளுதுடா, பாரு, எப்படி ஓடுது’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவேன். என் நிறம் ஆற்றில் ஓடுகிறது என்று எனக்கு அவ்வளவு பெருமை. தூ! இன்றைக்கு நினைத்தால் அந்தப் பாலத்தின் மேலேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பிறகு நோட்டீஸ் வந்தது. ‘தண்ணியச் சுத்தம் பண்ணாத பட்டறைக்கெல்லாம் கரண்ட்டைப் புடுங்கப் போறாங்களாம்’ என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ அப்போது கோயமுத்தூரில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமை வந்தவன் சோறுகூடத் தின்னாமல் பட்டறைக்குப் பின்னால் போய், சாக்கடை ஓரத்துக் கருப்புச் சேற்றை ஒரு பக்கெட்டில் அள்ளிக்கொண்டு வந்து நடுவாசலில் வைத்தாய். உங்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘ஏஞ்சாமி, படிக்கப் போனயா, சாக்கடை அள்ளப் போனயா?’ என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ‘அம்மா, இந்தச் சேத்துக்குள்ள இருக்கற கிருமியெல்லாம் நம்ம சாயத்துலயே பொறந்து வளந்ததும்மா. வேற கிருமின்னா சாயத்தைக் கண்டாச் செத்துப்போகும். இது சாயத்தைத் தின்னு பொழைக்கக் கத்துக்கிச்சு. இதுக்கு ஊடு கட்டிக் குடுத்தாப் போதும்.’

அந்த வீட்டைக் கட்டியவர் ஆரோக்கியம். நம் பட்டறைக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறாரே, அவர்தான். அவருடைய அப்பா எங்கள் புன்செய்க் காட்டில் கூலி வேலை செய்தவர். ஆரோக்கியம் கொத்தனாராகி, இந்தச் சுற்றுவட்டாரத்துச் சாயப்பட்டறைகளுக்கெல்லாம் சுவர் எழுப்பி, அந்தச் சம்பாத்தியத்தில் அந்த இரண்டு ஏக்கரை வாங்கினார். அவர் வம்சத்தில் சொந்த மண்ணில் கால் வைத்த முதல் ஆள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் ‘வாப்பா, போப்பா’ என்பேன், அவர் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவார். இதுவரைக்கும் அது எனக்குத் தப்பாகவே பட்டதில்லை. இந்தக் கடிதத்தில் அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். பேச்சில் வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

நீ சொல்லச் சொல்ல அவர் மூன்று தொட்டி கட்டினார். முதல் தொட்டி காற்றுப் புகாமல் மூடியது. அதில் அந்தக் கருப்புச் சேறும் சாணிக் கரைசலும். கிருமிக்குத் தீனியாக வெல்லப்பாகு வேண்டும் என்று நீ சொன்னதும், உங்கம்மா பொங்கலுக்கு வைத்திருந்த அச்சுவெல்லத்தைக் காணோம் என்று அவள் வீட்டையே தலைகீழாகப் புரட்டியதும், நான் ஒன்றும் தெரியாதவன் போல நின்றதும் உனக்கு நினைவிருக்கும். இரண்டாவது தொட்டியில் காற்றை ஊதி, உடைந்த சாயத்தை வேறு கிருமிகள் தின்ன வேண்டும். மூன்றாவதில் கரி. தேங்காய்ச் சிரட்டையைக் குழியில் போட்டு, மண்ணால் மூடிப் புகைய விட்டு நாமே சுட்ட கரி. அதை உடைத்து ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்து, ‘இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல இருக்குது நைனா. மிச்சம் மீதி விஷத்தை இது இழுத்து வெச்சுக்கும். கிருமியும் இதுக்குள்ளயே குடியேறி அதைத் தின்னு தீத்துரும்’ என்றாய். முதல் இரண்டு மாதம் நாற்றம் குடலைப் பிடுங்கியது. தெருவே நம்மைத் திட்டியது. நானும் உன்னைத் திட்டினேன்.

ஆனால் ஒன்றை நீ ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாய். நூலில் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் உப்பு வேண்டும். மூட்டை மூட்டையாக நாங்கள் கொட்டுகிற உப்பு, சாயம் போட்ட முதல் தண்ணீரில் அப்படியே நிற்கும். ‘கிருமி உப்பைத் தின்னாது நைனா. கரியும் உப்பைப் புடிக்காது. அதனால முதல் தண்ணிய மட்டும் தனிக் குழாய்ல பாத்திக்கு உட்டு வெயில்ல காய வெச்சிரணும். அலசுன தண்ணி மட்டுந்தான் தொட்டிக்கு வரணும். இந்த வால்வை மட்டும் எப்பவும் மாத்தித் தொறந்தராதீங்க’ என்று என் கையைப் பிடித்துச் சொன்னாய். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். ஆரோக்கியம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் தெளிந்து வந்த அந்தக் காலை உனக்கு மறக்காது. எனக்கும் மறக்காது. அன்றைக்கு உள்ளே ஓடியது கருநீலம். எதற்கும் மசியாத நிறம் அது. மூன்றாவது தொட்டியின் குழாயில் டம்ளரைப் பிடித்து நீ வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாய். கண்ணாடி கண்ணு, கண்ணாடி! நான் அதற்கப்பால் உன் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷமாக நான் ஆற்றில் கொட்டிய நிறத்தையெல்லாம் என் மகன் பிடித்து நிறுத்திவிட்டான் என்று தோன்றியது. தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன், நீ பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்கள்! பக்கத்துப் பட்டறைக்காரர்கள், உன் கல்லூரிப் பேராசிரியர், நோட்டீஸ் கொடுத்த அதே அதிகாரிகள். எல்லோருக்கும் டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். எல்லோரும் என்னைப் போலவே கண்ணால்தான் பார்த்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பாத்தி நிரம்பித் தளும்பியது, காய வெயில் இல்லை. கையில் அவசர ஆர்டர். நாலே நாலு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு வால்வைத் திருப்பினேன். உப்புத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் போனது. கிருமி செத்துவிடும் என்று பயந்தேன், நிறம் ஒரு வாரம் கலங்கலாக வந்து மறுபடியும் தெளிந்துவிட்டது. உன் கிருமிகள் அவ்வளவு கெட்டிக்காரக் கிருமிகள். தெளிந்ததைப் பார்த்ததும் என் சாயக்காரப் புத்தி என்ன சொன்னது தெரியுமா? நிறம்தான் இல்லையே, அப்புறம் என்ன! என் கையாலேயே கொட்டிய உப்பை நானே மறந்துபோனேன். இல்லை, மறக்கவில்லை, நினைக்காமல் இருந்துகொண்டேன். மழை நின்றது, பாத்தி காய்ந்தது, வால்வை நான் திருப்பவில்லை. பாத்தியில் உப்பைச் சுரண்டி அள்ள ஆள் தேட வேண்டாம், கிழக்கு மூலை முழுக்க மூட்டை அடுக்கலாம். நாலு நாள் என்றது அப்படியே பழகிப்போனது. நீ ஊருக்கு வருகிற சனிக்கிழமைகளில் மட்டும் முன்கூட்டியே போய் வால்வை மாற்றி வைப்பேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது.

அடுத்த கோடையில் ஆரோக்கியத்தின் கிணறு அடியைத் தொட்டுவிட்டது. வாழை குலை தள்ளுகிற நேரம். வேலியோரம் வந்து நின்று, ‘ஏனுங்க மாஸ்டரு, தொட்டித் தண்ணி சும்மா பள்ளத்துக்குத்தானுங்க போகுது? என்ற காட்டுக்குத் திருப்பி உட்டீங்கன்னா வாழை பொழச்சுக்குமுங்க’ என்றார். உடனே சரி என்றேன். தர்மப் பிரபு அல்லவா நான்! நீயும் லீவுக்கு வந்திருந்தாய். குழாயை இழுத்து விட்டதும் அவருடைய வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது. அவர் சம்சாரம் மேரி வாய்க்கால் ஓரத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆரோக்கியம் சொன்னார்: ‘புதுத் தண்ணி வந்தா, உட்ட கையே முதல் வாய் குடிக்கோணும்னு எங்கப்பன் சொல்லுவாருங்க. குடிங்க மாஸ்டரு.’ நீ சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். முந்தின நாள்தான் வால்வை உனக்காக மாற்றி வைத்திருந்தேன்; தொட்டிக்குள் இருந்தது ஆறு மாத உப்பு. இரண்டு கையால் ஏந்தி வாயில் வைத்தேன். நாக்கில் பட்டதும் கரித்தது. கடல் தண்ணீர் மாதிரி இல்லை, ஆனாலும் கரிப்பு கரிப்புதான். ‘தேனாட்டம் இருக்குதுப்பா!’ என்று சொல்லிவிட்டு மிச்சத்தைக் கீழே விட்டேன்.

இரண்டு மாதம் வாழை தளதளவென்றுதான் நின்றது. அப்புறம் இலை ஓரமெல்லாம் நெருப்புப் பட்டது போலக் கருகத் தொடங்கியது. ஊடுபயிராகப் போட்ட மஞ்சள் முளைக்கவே இல்லை. காய்ந்த வாய்க்கால் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் ஒரு கருகின இலையை அறுத்துக்கொண்டு வந்து காட்டினார். ‘உரம் பத்தலையப்பா, யூரியாப் போடு’ என்றேன். போட்டார். இன்னும் கருகியது. அந்தச் சமயத்தில்தான் நீ ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, உன் புராஜெக்ட்டுக்காகத் தொட்டித் தண்ணீரையும் ஆரோக்கியத்தின் கிணற்றுத் தண்ணீரையும் ஏதாவது பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னாய். ஈரோட்டுக்குப் போய்க் கொடுத்தேன். காகிதத்தை வாங்கியபோது அங்கே இருந்த பெண், ‘இந்தக் கிணத்துல யாராச்சும் தண்ணி குடிக்கிறாங்களா சார்?’ என்று கேட்டாள். ‘இல்லீங்க அம்மணி, சும்மா கெடக்கற கெணறு’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அதே நாள் சாயங்காலம் நீ மறுபடியும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாய். ‘ரிப்போர்ட் வந்துச்சா நைனா?’ ‘வந்துச்சு கண்ணு. எல்லாம் சரியா இருக்குதாம்.’ அவ்வளவுதான் சொன்னேன். கூசாமல் சொன்னேன். அந்தக் காகிதம் பழைய நிறச் சாம்பிள் ஃபைலுக்குள் இரண்டு வருஷமாகக் கிடந்தது. இப்போது இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

உனக்காகத்தான் மறைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உன் முகம் வாடிவிடுமே என்று நினைத்தது உண்மைதான். ஆனால் அது பாதி. பட்டறையை மூடிவிடுவார்கள், டம்ளரைத் தூக்கித் தூக்கிக் காட்டிய ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்பது மீதிப் பாதி. எது பெரிய பாதி என்று என்னைக் கேட்காதே.

போன மாதம் பெருந்துறைக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். நீ அவருக்குத் தொட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் காபி டம்ளரோடு பின்னால் வந்தேன். அவர், ‘பாத்திக்கு எடம் ரொம்பத் தின்னுமுங்களே தம்பி’ என்று இழுத்தார். நீ யோசித்துவிட்டுச் சொன்னாய்: ‘ஒரு மழைக்காலம் பூரா எங்க பாத்தி நெறஞ்சு வழிஞ்சுதான் கெடந்துச்சுங்க. அப்பக்கூடக் கெணத்துத் தண்ணி ரிப்போர்ட் சரியாத்தான் வந்துச்சு. நான் நெனச்ச அளவுக்கு உப்புக் கெடுதல் இல்லீங்க போல. பாத்தி இல்லாமயும் பாக்கலாம்.’ என் கையில் இருந்த காபி என் வேட்டியிலேயே கொட்டிவிட்டது. உங்கம்மா, ‘வயசாயிப்போச்சு உங்களுக்கு’ என்றாள். நீ படித்த படிப்பு சரியாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது. உன்னை அதை நம்பாமல் பண்ணியது என் ஒரு வார்த்தை. அங்கே ஒன்றல்ல, எட்டுப் பட்டறைத் தண்ணீர் அந்தத் தொட்டிக்கு வரப்போகிறது. அந்தத் தண்ணீர் இறங்குகிற பக்கம் எத்தனை ஆரோக்கியம் இருக்கிறார்களோ.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர் வீடு திரும்புகிற நேரம் பார்த்துப் போனேன். மேரி கயிற்றுக்கட்டிலை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வால்வு, காகிதம், யூரியா, எல்லாவற்றையும். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மேரிதான் முதலில் வாயைத் திறந்தாள். ‘ரண்டு வருசமா அந்தத் தண்ணில பருப்பு வேகறதில்லீங்க. சோப்பு நொரைக்கறதில்லீங்க. ஒரு மைல் போயிக் கொடத்துல கொண்டாறேனுங்க.’ ஆரோக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ‘எனக்கு முதல் நாளே தெரியுமுங்க. நீங்க குடிச்சப்போ தொண்டை அசையலீங்க.’

‘அப்பவே ஏம்ப்பா சொல்லலே?’ என்று கேட்டேன்.

‘நீங்க தேனாட்டம் இருக்குதுன்னு சொல்லிப்போட்டீங்க. உங்க பையன் பக்கத்துல நிக்கறாரு. நான் கரிக்குதுன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க? அதும் நாந்தானுங்க தண்ணி வேணும்னு கேட்டது. அப்பறம் வாழை நல்லாத்தான வந்துச்சு, சரி, மாஸ்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டேனுங்க.’

பாத்தியைப் பெரிதாகக் கட்டித் தர வருவீர்களா என்று கேட்டேன். ஆமாம், ‘வருவீங்களா’ என்றுதான் வாயில் வந்தது. ‘கூப்புட்டா வாரேனுங்க. சொவரு கட்டறது என்ற தொழிலு. ஆனா அதுனால சரியாப் போச்சுன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. என்ற மண்ணு அதுபாட்டுக்குச் செத்துக் கெடக்குது’ என்றார். வால்வை அன்றைக்கே பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டேன். பாத்தி கட்டி முடிக்கிற வரைக்கும் சாயம் கிடையாது. நீ ஏன் என்று கேட்டால் இயந்திரம் ரிப்பேர் என்று சொல்லச் சொல்லி ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தேன். பார், உண்மையைச் சொல்லப் போன வாரத்திலும் ஒரு பொய். அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அவருடைய மண்ணுக்கு என்ன செய்யலாம், கிணற்றை இறைத்து இறைத்து விட்டால் தேறுமா, எத்தனை மழை வேண்டும், அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த படிப்பு நிறத்தோடு முடிந்துவிட்டது.

ஒன்று மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள். உன் கிருமி பொய் சொல்லவில்லை, உன் கரி பொய் சொல்லவில்லை. அதனதன் வேலையை அதது சரியாகச் செய்தது. எனவே இதைப் படித்த கோபத்தில் அந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிடாதே. நீ கண்டுபிடித்ததில் குற்றமில்லை, அதற்கு எல்லை எது என்று நீயே சொன்னாயே, அந்த எல்லையை நான்தான் அழித்தேன். இனிமேல் எங்கே தொட்டி கட்டினாலும், தெளிந்த தண்ணீரை டம்ளரில் தூக்கிக் காட்டுகிறவனை நம்பாதே, அது உன் அப்பனாக இருந்தாலும் சரி. கருவியில் ஒருமுறை பார். அப்புறம் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்துக்கு நடந்து போய், அந்த வீட்டு அம்மணியிடம் பருப்பு வேகிறதா என்று கேள். உன்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர்கள் உன் முகத்துக்காக எதையும் மென்று முழுங்கிவிடுவார்கள். அவர்கள் சும்மா இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அது ரொம்ப சௌகரியமாக இருந்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நூல் பார்க்க ஈரோட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேனே, நான் போனது பெருந்துறைக்கு. அந்த ரிப்போர்ட்டை முதலாளியிடமே காட்டிவிட்டால், அவரே பாத்தி வேண்டும் என்று சொல்லிவிடுவார், உன்னிடம் இதையெல்லாம் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. கடைசி வரைக்கும் கோழை. அவர் மரியாதையாக உட்கார வைத்தார், காகிதத்தைப் படித்தார், மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார். ‘இது எனக்குத் தெரியாதுங்களா மாஸ்டரு? உப்பைக் கிருமி திங்குமுங்களா, கரி திங்குமுங்களா? தெரிஞ்ச எஞ்சினியரைக் கூப்புட்டுக் கையெழுத்துக் கேட்டா அவனுக்குக் கை நடுங்குமுங்க. உங்க பையன் மனசார நம்பிப் போடறாரு. அந்தக் கையெழுத்துதானுங்க எனக்கு வேணும். நீங்க இதை ஊட்டுல பத்திரமா வெச்சுக்கங்க’ என்று சிரித்தார். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் ஒரே நினைப்பு. அவருக்கு வேண்டியது உன் படிப்பு இல்லை, உனக்குத் தெரியாமல் இருப்பது. அதை அவருக்கு உருவாக்கிக் கொடுத்தவன் நான். இந்தக் கடிதத்தோடு அது தீர்ந்தது. புதன்கிழமை அந்தக் காகிதத்தை வைப்பார்கள், பேனாவும் அவர்களே கொடுப்பார்கள், தெரியாமல் போட்டுவிட்டேன் என்று பிற்பாடு யாரிடமும் நீ சொல்ல முடியாது. போடாதே என்று சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை, அதை நீயே முடிவு செய்துகொள். கை நடுங்கினால் வெட்கப்படாதே கண்ணு. வால்வைத் திருப்பிய அன்றைக்கு எனக்கு நடுங்கவே இல்லை.

உன் நைனா